கர்னல் எழும்போதே விழுவது ஏன்? மெமரி ரிசர்வ் பற்றி ஓர் எளிய விளக்கம்

கணினியோ சின்ன போர்டோ, மின்சாரம் கொடுத்ததும் நாலு வரி ஓடி அப்படியே நின்றுவிடுகிறது. அந்த நாலு வரியில் 'மெமரி' என்று ஒரு சொல் இருந்துவிட்டால் போதும். பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழுது பார்க்கும் கடையிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின் சோதனை மேசை வரை ஒரே தீர்ப்புதான்: "ரேம் போச்சு, மாத்திடு." மாற்றிப் பார்ப்பார்கள். சில சமயம் சரியாகியும் விடும். பெரிய தொல்லையே அங்கேதான். புது ரேமின் அளவு வேறாக இருந்ததால் பிழை ஒளிந்துகொண்டிருக்கலாம். நல்ல ரேம் குப்பைக்குப் போகும், பிழை அடுத்த போர்டில் மறுபடி தலைகாட்டும்.

இன்னொரு பேச்சும் உண்டு: "மெமரி பத்தலை." 16 ஜிபி ரேம் உள்ள கணினி எழுந்த முதல் நொடியிலேயே விழுந்தாலும் இதையேதான் சொல்கிறார்கள். இன்னும் ஒரு நிரல்கூட ஓடத் தொடங்காத நேரத்தில் 16 ஜிபி எப்படித் தீர்ந்துபோகும்?

இந்த வகை விழுதல்களில் பெரும்பாலும் ரேம் நன்றாகவே இருக்கிறது, இடமும் தாராளமாக இருக்கிறது. எந்த இடம் யாருக்குச் சொந்தம் என்பதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் யாரோ சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். பாலிடெக்னிக் முடித்துவிட்டு போர்டு சோதனை வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகளுக்கு இதை யாராவது ஒருமுறை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் எத்தனையோ வீண் அலைச்சல் குறையும். அதற்காகவே இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கர்னலை எடுத்துக்கொள்கிறேன், அதன் உள்வேலை எல்லோரும் திறந்து பார்க்கக்கூடியது என்பதால்.

தைப்பூசத்துக்கு முன், பந்தலுக்கு இடம் பிரிக்கும்போது

தைப்பூசம் வந்தால் தண்ணீர்மலைக்குப் போகும் சாலை நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் எழும்பும். பந்தலுக்கு இடம் பிரித்துக்கொடுக்கும் பொறுப்பு ஒரே ஒருவரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் ஒரு நோட்டு, அதில் இரண்டு பட்டியல். முதல் பட்டியலில் சாலையோரம் மொத்தம் எவ்வளவு இடம் உண்டு என்பது. இரண்டாவதில் யாருக்கும் கொடுக்கக் கூடாத இடங்கள்: ரதம் திரும்பும் முனை, ஆம்புலன்ஸ் போகும் வழி, மின்பெட்டிக்கு முன்னால் உள்ள இடம்.

பந்தல்காரர் வந்து கேட்டால் முதல் பட்டியலில் இருந்து, இரண்டாவது பட்டியலில் இல்லாத ஓர் இடத்தைக் காட்டுவார். அவ்வளவுதான் அவர் வேலை.

இரண்டாவது பட்டியலை எழுதி முடிப்பதற்குள் ஒரு பந்தல்காரர் அவசரப்படுத்துகிறார். இவரும் ரதம் திரும்பும் முனையைக் கொடுத்துவிடுகிறார். அன்றைக்கு ஒரு பிரச்சினையும் வராது. கம்பம் நடுவார்கள், கூரை போடுவார்கள், மோர்ப் பானை வைப்பார்கள். ரதம் அந்த முனைக்கு வந்து திரும்ப முடியாமல் நிற்கும்போதுதான் சிக்கலே தெரியும். கூட்டம் பந்தல்காரரைத் திட்டும். அவர் கேட்டார், கொடுத்தார்கள், போட்டார். தவறு நடந்தது நோட்டில், அதுவும் பல நாள் முன்னால்.

தவறு நடந்த நேரமும் அது வெளியே தெரியும் நேரமும் வேறு வேறு. இந்த இடைவெளிதான் கர்னலிலும் எல்லோரையும் திசைதிருப்புகிறது.

கர்னல் எழும்போது ரேம் காலியாக இல்லை

கர்னல் என்பது இயங்குதளத்தின் மையம். வன்பொருளைக் கையாள்வதும், மெமரியை மற்ற நிரல்களுக்குப் பங்கிடுவதும் அதன் வேலை. ஆனால் மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது அது இல்லை. போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற நிரல் முதலில் ஓடி, ரேமைத் தயார் செய்து, பூட்லோடரை அழைக்கும். பூட்லோடர் என்பது கர்னலை வட்டிலிருந்து எடுத்து ரேமில் வைத்து ஓடவிடும் இடைத்தரகர்.

ஆக, கர்னலின் முதல் வரி ஓடும்போதே ரேமில் பலர் குடியிருக்கிறார்கள். கர்னல் தானே ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இனிட்ராம்எஃப்எஸ் என்ற சுருக்கப்பட்ட கோப்புத் தொகுப்பு (உண்மையான வட்டைத் திறக்கும் முன் தேவைப்படும் டிரைவர்கள் இதில்தான் இருக்கும்) வேறோர் இடத்தில் இருக்கிறது. ஃபர்ம்வேர் எழுதிவைத்த அட்டவணைகள் ஒரு மூலையில். ஃபர்ம்வேர் இனியும் தனக்கு வேண்டும் என்று பிடித்துவைத்த துண்டுகள் அங்கங்கே.

இதையெல்லாம் கர்னலுக்கு யார் சொல்வது? பயாஸ் என்ற பழைய வகை ஃபர்ம்வேர் உள்ள கணினிகளில் இ820 என்ற அழைப்பு மெமரி வரைபடம் ஒன்றைக் கொடுக்கும். யூஇஎஃப்ஐ என்ற புதிய வகை ஃபர்ம்வேர் தனக்கென்று ஒரு வரைபடம் தரும். ஆர்ம் வகை சிபியூ உள்ள போர்டுகளில் பெரும்பாலும் டிவைஸ் ட்ரீ, அதாவது போர்டில் என்ன பாகம் எந்த முகவரியில் இருக்கிறது என்று எழுதிய தரவுக் கோப்பு, அந்த வேலையைச் செய்யும்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த வரைபடம் முழுக்கதையையும் சொல்லாது. இனிட்ராம்எஃப்எஸ் உட்கார்ந்திருக்கும் இடத்தை இ820 வரைபடம் 'பயன்படுத்தலாம்' என்றுதான் காட்டும், ஏனென்றால் அது சாதாரண ரேம்தான். அங்கே ஒரு தொகுப்பு இருக்கிறது என்ற செய்தியை பூட்லோடர் வேறொரு தாளில் எழுதிக் கொடுக்கிறது. இரண்டு தாளையும் படித்து ஒன்று சேர்க்க வேண்டியது கர்னலின் பொறுப்பு. வரைபடத்தை மட்டும் நம்பி இடம் கொடுக்கத் தொடங்கினால் தன் சொந்த இனிட்ராம்எஃப்எஸ்ஸின் மேலேயே எழுதிவிடும்.

மெம்பிளாக்: நோட்டு வைத்திருப்பவர்

ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸில் மெமரியைப் பங்கிடும் நிரந்தர ஏற்பாடு ஒன்று உண்டு. அது ரேமை 4 கேபி துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குறிப்பு வைத்திருக்கும். அந்தத் துண்டுக்குப் பேஜ் என்று பெயர். 64 பிட் கணினியில் ஒரு பேஜின் குறிப்பு பொதுவாக 64 பைட் பிடிக்கும். 8 ஜிபி ரேமில் சுமார் 21 லட்சம் பேஜ்கள், குறிப்புகளுக்கு மட்டும் 128 எம்பி வேண்டும். (8 ஜிபி வாங்கினேன், குறைவாகக் காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்பவர்களுக்கும் பதிலில் ஒரு பகுதி இதுதான்.)

இந்த 128 எம்பியை எங்கே வைப்பது? இடம் பங்கிடும் ஏற்பாட்டுக்கே முதலில் இடம் வேண்டும். அதுவரைக்கும் தற்காலிகமாக வேலை பார்ப்பவர்தான் மெம்பிளாக். பவர்பிசி கர்னலில் வேறு பெயரில் தொடங்கிய இந்த ஏற்பாடு 2010இல் மெம்பிளாக் என்ற பெயரைப் பெற்றது. அதற்கு முன்பிருந்த பூட்மெம் என்ற பழைய ஏற்பாடு 2018இல் 4.20 பதிப்பில் முற்றாக நீக்கப்பட்டது.

மெம்பிளாக்கிடமும் அதே இரண்டு பட்டியல்தான். ஒன்றில் இருக்கும் ரேம் எல்லாம். மற்றதில் ரிசர்வ் செய்தவை. ரிசர்வ் செய்வது என்றால் 'இந்த முகவரியிலிருந்து இவ்வளவு தூரம் தொடாதே' என்று பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது. கர்னலின் வேறொரு பகுதி இடம் கேட்டால் காலியான ஓர் இடத்தைப் பிடித்து, அதையும் அதே ரிசர்வ் பட்டியலில் எழுதிவிட்டுக் கொடுக்கும். நிரந்தர ஏற்பாடு தயாரானதும் மிச்சமுள்ள காலி இடம் மொத்தத்தையும் அதன் கையில் ஒப்படைத்துவிட்டு மெம்பிளாக் ஒதுங்கிக்கொள்ளும்.

இதுவரை பார்த்தது: கர்னல் எழும்போது ரேமில் ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய செய்தி பல தாள்களில் சிதறிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் மெம்பிளாக்கின் ரிசர்வ் பட்டியலில் ஏற்றிய பிறகே யாருக்கும் இடம் கொடுக்கலாம்.

எப்படியெல்லாம் விழும்

அதிகம் பார்க்கக் கிடைப்பதும் அதிகம் குழப்புவதும் வரிசை மாறுவதுதான். ரிசர்வ் செய்யும் வரி நிரலில் இருக்கும். ஆனால் அதற்கு முன்னாலேயே வேறொரு வரி இடம் கேட்டு வாங்கியிருக்கும். படிப்பவர் கண்ணுக்கு 'ரிசர்வ் செய்திருக்கிறதே, அப்புறம் என்ன?' என்றுதான் தோன்றும். எக்ஸ்86 கணினிகளில் (இன்டெல், ஏஎம்டி சிபியூ உள்ளவை) மெம்பிளாக் வழக்கமாக மேல்முகவரியிலிருந்து கீழ்நோக்கி இடம் தேடும். பூட்லோடரும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மேலே எங்காவது வைத்திருந்தால் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து நிற்பார்கள். ரேம் நிறைய இருந்தால் மோதாமல் தப்பிக்கலாம், குறைவாக இருந்தால் முட்டிக்கொள்ளும். 'ரேமை மாற்றினேன், சரியாகிவிட்டது' என்ற கதையின் உள்விவரம் பல சமயம் இதுதான். விழும்போது திரையில் தெரிவதோ 'இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் பிரிக்க முடியவில்லை' என்றோ 'மூலக் கோப்பு அமைப்பை ஏற்ற முடியவில்லை' என்றோ இருக்கும். படிப்பவர் வட்டைச் சந்தேகிப்பார். ரதத்தின் முன்னால் பந்தல்காரரைத் திட்டும் கூட்டத்தின் நிலைதான்.

அடுத்தது நோட்டில் பக்கம் தீர்வது. மெம்பிளாக்கின் பட்டியல் தொடக்கத்தில் பொதுவாக 128 வரி மட்டுமே கொள்ளும். சாதாரணக் கணினிக்கு அது போதும். வரைபடம் துண்டு துண்டாகச் சிதறியிருக்கும் பெரிய சர்வர்களில் நிறைந்துவிடலாம். நிறைந்தால் பட்டியலை இரட்டிப்பாக்க வேண்டும், இரட்டிப்பான பட்டியலை வைக்கவும் ரேம் வேண்டும், அந்த ரேமையும் இதே மெம்பிளாக்கிடம்தான் கேட்க வேண்டும். ரிசர்வ்கள் முடியாத நேரத்தில் இது நடந்தால், புதுப் பட்டியலே இன்னும் எழுதப்படாத யாருடைய இடத்திலாவது போய் உட்காரும். அதனால்தான் பட்டியல் வளரலாம் என்ற அனுமதி கர்னலில் தனியாக, பிற்பாடுதான் வழங்கப்படுகிறது. இப்போது ரிசர்வ் செய்துகொண்டிருக்கும் துண்டின் மேல் புதுப் பட்டியல் விழாமல் தவிர்க்கவும் அந்த நிரலில் தனிக் கவனிப்பு இருக்கிறது. படித்துப் பாருங்கள், அழகான வேலை.

மூன்றாவது, ஓரங்கள். இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். கியூஎமு என்ற மென்பொருள் கணினியில் லினக்ஸை ஏற்றினால் இ820 வரைபடத்தின் முதல் வரி 0 முதல் 639 கேபி வரை பயன்படுத்தலாம் என்று சொல்லும். அடுத்த 1 கேபி பயாஸுக்கு. பேஜ் ஒவ்வொன்றும் 4 கேபி. 639ஐ 4ஆல் வகுத்தால் மீதியின்றி வராது. 636இல் தொடங்கி 640இல் முடியும் பேஜில் 3 கேபி நமக்கு, 1 கேபி பயாஸுக்கு. இந்தப் பேஜைக் கர்னல் எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. பயன்படுத்தக்கூடிய இடத்தை உள்பக்கமாகச் சுருக்க வேண்டும், ரிசர்வ் செய்த இடத்தை வெளிப்பக்கமாக விரிக்க வேண்டும். 3 கேபி வீணாகிறதே என்று வருத்தப்பட வேண்டாம். யாராவது இதைத் தலைகீழாக எழுதிவிட்டால் பயாஸின் அந்த 1 கேபி யாரோ ஒரு டிரைவரின் கைக்குப் போய்விடும்.

டிவைஸ் ட்ரீயில் இதே ஓரப் பிழை வேறு வேடத்தில் வரும். அங்கே எழுத வேண்டியது தொடக்க முகவரியும் நீளமும். நீளத்துக்குப் பதில் முடிவு முகவரியை எழுதிவிட்டால் ரிசர்வ் பல மடங்கு நீண்டுவிடும், கர்னலுக்கு மூச்சுவிட இடமிருக்காது. 'மெமரி பத்தலை' என்ற தீர்ப்பு சரியாகப் பொருந்தும் அரிதான இடம் இது. அப்போதும் தீர்வு ரேமைக் கூட்டுவதில் இல்லை.

மற்றவை சுருக்கமாக: கர்னல் இன்னும் தன் முகவரி அட்டவணையில் சேர்க்காத ரேமைத் தொட்டால் விழும். ஒரே இடத்தில் பெரிய தொடர்ச்சியான துண்டு கேட்டு, கிடைக்காததைக் கவனிக்காமல் மேலே போனால் விழும். மெம்பிளாக் விடைபெற்ற பிறகு அதனிடமே இடத்தைத் திருப்பிக் கொடுத்தால், அந்த இடம் யாருக்கும் கிடைக்காமல் தொலைந்துபோகும்.

முதல் 1 எம்பி: 2021இல் நடந்தது

வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு லினக்ஸின் வரலாற்றிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. எக்ஸ்86 கணினிகளில் சில பயாஸ்கள், தமக்குச் சொந்தம் என்று வரைபடத்தில் சொல்லாத கீழ்மெமரியில்கூட எழுதிவிடும். அதனால் கர்னல் பல ஆண்டுகளாக ரேமின் முதல் 64 கேபியை இயல்பாகவே ஒதுக்கி வைத்தது. வேண்டுமானால் 640 கேபி வரை கூட்டிக்கொள்ள ஓர் அமைப்பும் இருந்தது. ரிசர்வ் செய்யும் வரிகளோ தொடக்க நிரலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. நடுவில் யாராவது இடம் கேட்கும் வரி ஒன்றைச் சேர்த்தாலோ வரிசையை நகர்த்தினாலோ எந்தக் கணினியில் எது உடையும் என்று சொல்ல முடியாது.

2021இல் 5.13 பதிப்பில் இரண்டு திருத்தங்கள் வந்தன. சிதறிக் கிடந்த தொடக்க ரிசர்வ்களை ஒரே இடத்தில் திரட்டி, இடம் கொடுக்கத் தொடங்கும் முன் அவை நடக்கும்படி செய்தது ஒன்று. முதல் 1 எம்பியை எப்போதும் ரிசர்வ் செய்துவிடுவது என்பது மற்றொன்று.

இரண்டாவதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. கணினியின் மற்ற சிபியூ கோர்கள் விழிக்கும்போது பழைய 16 பிட் நிலையில்தான் விழிக்கும், அந்த நிலையில் அவற்றுக்கு எட்டுவது முதல் 1 எம்பி மட்டுமே. அவற்றை எழுப்பும் சிறு நிரலை அதற்குள்தான் வைத்தாக வேண்டும். முழு 1 எம்பியையும் முதலிலேயே பூட்டிவிட்டால் அந்த நிரலுக்கு இடம் கிடைக்காது. ஆகவே அதற்கு ஓர் இடம் எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் 1 எம்பியையும் பூட்டுகிறார்கள். பொதுவான விதி 'முதலில் ரிசர்வ், பிறகு வழங்கல்'. இங்கே விதிவிலக்கு ஒன்று, அதற்கான காரணத்தோடு.

பிழையை எங்கே தேடுவது

இவ்வளவு சீக்கிரம் விழும் கர்னல் திரையில் ஒன்றும் காட்டாமல் போகலாம், ஏனென்றால் திரைக்கான டிரைவர் இன்னும் எழவில்லை. செய்திகள் உள்ளே தேங்கிக் கிடக்கும். கர்னலுக்குக் கொடுக்கும் தொடக்கக் கட்டளை வரியில் எர்லிகான் அல்லது எர்லிபிரிண்ட்கே சேர்த்து, சீரியல் கம்பியை இணைத்துவிட்டால் அந்தச் செய்திகள் உடனுக்குடன் வெளியே வரும். சீரியல் இணைப்பு இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது இருட்டில் கை துழாவுவதுதான்.

அதே கட்டளை வரியில் மெம்பிளாக் என்ற அளவுருவுக்கு டிபக் என்று மதிப்புக் கொடுங்கள். ஒவ்வொரு ரிசர்வும், எந்த முகவரியிலிருந்து எதுவரை, நிரலின் எந்தப் பகுதி கேட்டது என்பதோடு வரிசையாக ஓடும். இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். கெட்டுப்போன இடத்தின் முகவரியைக் குறித்துக்கொண்டு, அதை உள்ளடக்கிய வரிகளைப் பட்டியலில் தேடுங்கள். ஒரே முகவரி இரண்டு பேர் கையில் இருந்தால், முதலில் வாங்கியவர் யார், பின்னால் ரிசர்வ் செய்தவர் யார் என்று பட்டியலே சொல்லிவிடும். உரியவரின் பெயர் பட்டியலில் வரவே இல்லையென்றால் ரிசர்வே நடக்கவில்லை.

பத்து தடவை ஏற்றினால் ஒரு தடவை மட்டும் விழுகிறதா? புதிய கர்னல்களில் ஒவ்வொரு முறையும் தன்னை வேறொரு முகவரியில் வைத்துக்கொள்ளும் பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. கேஏஎஸ்எல்ஆர் என்பார்கள், எக்ஸ்86இல் 2017இன் 4.12 பதிப்பு முதல் இயல்பாகவே இயங்குகிறது. நோகேஏஎஸ்எல்ஆர் என்று கொடுத்து அதை நிறுத்திப் பாருங்கள். விழுவது நின்றுபோனாலோ ஒவ்வொரு முறையும் விழத் தொடங்கினாலோ முகவரி மோதல் என்ற சந்தேகம் வலுக்கிறது. நிறுத்தியே வைத்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று போய்விடாதீர்கள். அது பாதுகாப்பைக் கழற்றிவைப்பது, பிழை அங்கேயேதான் இருக்கும்.

ரேமே கெட்டிருக்குமோ என்ற கேள்விக்கும் இந்தக் கட்டத்தில் விடை எளிது. கெட்ட ரேம் பொதுவாகப் போர்டுக்குப் போர்டு வேறு இடத்தில், வேறு மாதிரி விழவைக்கும். ஒரே மாதிரியான பல போர்டுகள் ஒரே வரியில் விழுந்தால் ரேமை விட்டுவிட்டு நோட்டைப் பாருங்கள்.

திருத்துவது

காரணம் தெரிந்தால் திருத்தம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். வரிசைப் பிழை என்றால் ரிசர்வ் வரியை முதல் வழங்கலுக்கு முன்னால் நகர்த்த வேண்டும். நகர்த்தும்போது அந்த வரிக்குத் தேவையான செய்தி அந்த நேரத்தில் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டளை வரியைப் படிக்கும் முன்பே கட்டளை வரியிலிருந்து ஓர் அளவை எடுக்க முடியாது. முன்னால் தள்ளியதே புதுப் பிழையாவது இப்படித்தான்.

போர்டின் ஒரு பாகத்துக்கோ ஃபர்ம்வேருக்கோ சொந்தமான இடம் என்றால், கர்னல் நிரலைத் தொடாமல் டிவைஸ் ட்ரீயின் ரிசர்வ்டு மெமரி பகுதியில் எழுதுவதே முறை. அங்கே நோமேப் என்ற குறிப்பும் உண்டு. பாதுகாப்பு ஃபர்ம்வேர் தனக்கென வைத்திருக்கும் இடத்துக்கு இதைப் போடாமல் விட்டால், கர்னல் யாருக்கும் அந்த இடத்தைக் கொடுக்காவிட்டாலும் தன் முகவரி அட்டவணையில் சேர்த்துக்கொள்ளும். சிபியூ வேகத்துக்காக முன்கூட்டியே எட்டிப் படிக்கும் வழக்கத்தில் அங்கே கைவைத்தாலும் போர்டு விழலாம். இதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம், ஆகவே போர்டு ஆவணத்தில் 'பாதுகாக்கப்பட்டது' என்று இருக்கும் ஒவ்வொரு முகவரிக்கும் இதைச் சரிபாருங்கள்.

ரிசர்வ் தோற்றால் கர்னல் சத்தம் போட்டு நிற்கட்டும். பேனிக், அதாவது 'இனி நகர மாட்டேன்' என்று கர்னல் செய்தி காட்டி நிற்பது, பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும் அது நமக்கு உதவி. தோல்வியை விழுங்கிவிட்டு மேலே போகும் கர்னல் அரை நிமிடம் கழித்து வட்டு டிரைவரில் போய் விழும், நீங்கள் வட்டு டிரைவரைப் பிரித்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பீர்கள்.

திருத்தியபின் ஒரே போர்டில் ஏற்றிப் பார்த்து முடித்துவிட வேண்டாம். கியூஎமுவில் 256 எம்பி, 1 ஜிபி, 3 ஜிபி, 4 ஜிபிக்கு மேல் என்று ரேம் அளவை மாற்றி மாற்றி ஏற்றுங்கள். இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் பெரிதாக்கியும் ஏற்றுங்கள். கேஏஎஸ்எல்ஆரோடு பல தடவை. 64 பிட் ஆர்ம் போர்டு என்றால், கர்னல் முழுதாக எழுந்ததும் ப்ராக் அடைவில் உள்ள ஐஓமெம் கோப்பைத் திறந்து, நீங்கள் ரிசர்வ் செய்த துண்டு சரியான முகவரியில், சரியான நீளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ரூட், அதாவது நிர்வாகி அனுமதியோடு திறக்க வேண்டும், இல்லாவிட்டால் முகவரிகள் எல்லாம் பூஜ்ஜியமாகத்தான் தெரியும்.